லித்துவேனியரும் அவர்தம் தாயகமும்



உங்கள் வீட்டிலே உலகப்படம் ஒன்று இருக்குமாயின் அதனை எடுத்து விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையாயினும் கவலை வேண்டாம். நான் சொல்லச் சொல்ல நீங்கள் மனத்திலே வரைந்துகொள்ளலாம். ஐரோப்பாக் கண்டத்தின் வடபாகத்தில், சுவீடன் நாட்டுக்குக் கிழக்கே, பால்டிக் கடல் என்னும் பெயருடைய கடலொன்று உளது. அக்கடலின் கீழைக்கரையில் மூன்று சிறு நாடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. வடக்கே எஸ்தோனியா, நடுவே லத்வியா, தெற்கே லித்துவேனியா. இம்மூன்றில் தெற்கேயுள்ள லித்துவேனியாவுக்கே இன்று நாம் போகின்றோம்.

சிறு நாடு என்றேன். எவ்வளவு சிறியது? இதற்கு விடை சொல்ல அளவுகோல் வேண்டியதில்லை. நமது இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். லித்துவேனியாவின் பரப்பு ஏறத்தாழ 65,300 சதுர கிலோமீற்றர். தராசின் இரு தட்டுகளிலும் வைத்தாற்போல இரண்டும் சமமாகவே நிற்கின்றன. ஆனால், இங்கே 2 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றோம். அங்கே வாழ்வோர் 29 இலட்சம் அளவினரே. நமது நாட்டைச் சூழக் கடல் இருக்கின்றது. அவர்களுக்கோ மேற்கே ஒரு சிறு துண்டுக் கடற்கரைதான். மற்றைத் திசைகளிலெல்லாம் அயல்நாடுகள்: லத்வியா, பெலாருஸ், போலந்து, தென்மேற்கு மூலையில் ருஷ்யாவுக்குரிய கலினின்கிராட் பகுதி. வேலியில்லாத வளவொன்றைப் பெரிய காணிக்காரர் பலர் சூழ்ந்திருந்தால் என்ன நிகழுமோ, அதுவே இந்நாட்டுக்குப் பலமுறை நிகழ்ந்தது. அந்தக் கதைக்குப் பின்னர் வருவோம்.

முதலில் நாட்டைப் பார்ப்போம். அங்கே மலையென்று சொல்லத்தக்க மலையில்லை. மிக உயர்ந்த இடமான அவுக்ஷ்தோயாஸ் குன்றின் உயரம் 294 மீற்றர் மாத்திரமே. பிதுருதலாகலையைக் கண்ட நமக்கு அது ஒரு மேடாகத்தான் தோன்றும். ஆனால் மலைக்குப் பதிலாக ஏரிகள் உள. சிறியவும் பெரியவுமாக 2,800க்கு மேற்பட்ட ஏரிகள் காடுகளுக்கிடையே கிடக்கின்றன. நாட்டின் மூன்றிலொரு பங்கு காடு. நெமுனாஸ் என்னும் ஆறு நாட்டினூடே மேற்கு நோக்கி ஓடிக் கடலருகே சென்று சேர்கின்றது. அந்த ஆற்றின் பெயரை மறந்துவிடாதீர்கள். நமது கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

கடற்கரையில் ஒரு விந்தை காணலாம். கூர்ஷிய மணற்றிட்டு என்னும் நீண்ட மணற்கீற்று ஒன்று 98 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலையும் காயலையும் பிரித்துக் கிடக்கின்றது. அதன் வடபாதி லித்துவேனியாவைச் சேர்ந்தது. சில இடங்களில் அதன் அகலம் அரைக் கிலோமீற்றருக்கும் குறைவு. ஒருபுறம் அலைகடல், மறுபுறம் அமைதியான நீர், நடுவிலே மணற்குன்றுகள். முற்காலத்தில் மக்கள் அங்கிருந்த மரங்களை வெட்டித் தீர்த்தமையால் மணல் காற்றில் நகர்ந்து சில கிராமங்களையே மூடிவிட்டது. பின்னர் மக்கள் மீண்டும் மரம் நட்டு மணலை அடக்கினர்.

அந்தக் கரையில் புயலுக்குப் பின் நடந்து போகும் சிறுவர் குனிந்து குனிந்து எதையோ தேடுவர். சிப்பியன்று, அம்பர் என்னும் மஞ்சட் கல். உண்மையில் அது கல்லுமன்று. நாலு கோடி ஆண்டுகளுக்கு முன் நின்ற மரங்களிலிருந்து வடிந்த பிசின் மண்ணுள் இறுகியதே அது. சில துண்டுகளுக்குள்ளே அக்காலத்துக் கொசுவோ எறும்போ காலும் சிறகும் குலையாமல் அகப்பட்டிருக்கும். நாலு கோடி ஆண்டுகளாக ஒரு கொசு காத்திருக்கின்றது என்று எண்ணிப் பாருங்கள்.

இனிப் பருவங்களைச் சொல்லவேண்டும். நமக்குப் பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறக்குறையச் சமம். அங்கே அவ்வாறன்று. ஆனி மாதத்தில் பகல் 17 மணி நேரம். மார்கழியில் 7 மணி நேரந்தான். பனிக்காலத்தில் பிள்ளைகள் இருளிலே பாடசாலைக்குப் புறப்படுவர். ஏரிகள் உறைந்து கண்ணாடித் தரையாகிவிடும். ஆகவே வெயிலின் அருமையை அவர்களைப்போல் அறிந்தவர் சிலரே. ஆண்டின் மிக நீண்ட பகலையொட்டி, ஜூன் 24ஆம் நாளின் முந்திய இரவில், மக்கள் உறங்குவதில்லை. தீ வளர்த்து, பூமாலை கட்டி ஆற்றில் மிதக்கவிட்டு, காட்டுக்குள் பன்னச்செடியின் பூவைத் தேடிப் போவர். பன்னம் பூப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆயினும் தேடுவர், தேடுவதிலேதான் மகிழ்ச்சி.

பங்குனி மாதத்தில், 25ஆம் நாளை ஒட்டி, ஆபிரிக்காவிலிருந்து வெண்ணாரைகள் திரும்பிவரும். வெண்ணாரையே லித்துவேனியாவின் தேசியப் பறவை. கமக்காரர் பழைய வண்டிச்சில்லு ஒன்றை உயர்ந்த கம்பத்தின் மீது கிடையாக வைப்பர். நாரை வந்து அதன்மேல் கூடு கட்டினால் அந்த வீட்டுக்கு நற்பேறு என்பது நம்பிக்கை. அவ்வாறே தேனீக்கும் அங்கே தனி மதிப்பு உண்டு. மிருகம் செத்தால் ஒரு சொல்லும், மனிதர் இறந்தால் வேறொரு சொல்லும் அம்மொழியில் வழங்கும். தேனீ இறந்தால் மனிதருக்குரிய சொல்லையே வழங்குவர். உற்ற நண்பனைக் குறிக்கும் ‘பிச்சூலிஸ்’ என்ற சொல்லும் தேனீயின் பெயரான ‘பித்தே’ என்பதிலிருந்து பிறந்ததே. தேன்கூட்டைப் பங்கிட்டுக்கொண்டவர் உறவினராகிவிடுவர் என்பது பழைய வழக்கம்.

உணவு என்றால் முதலில் கரிய ரொட்டி. கோதுமையினாலன்றி, றை என்னும் தானியத்தினாற் செய்யப்படுவது. சற்றுப் புளிப்பாக இருக்கும். அந்த ரொட்டித் துண்டு கை தவறிக் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடவேண்டும் என்று பாட்டிமார் பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தனர். கோடையில் சிவந்த பீற்றூட் கிழங்கையும் புளித்த பாலையும் சேர்த்து ஒரு குளிர்ந்த ரசம் செய்வர். அதன் நிறத்தைக் கண்டால் அது உணவா, சாயமா என்று நீங்கள் ஐயுறுவீர்கள். அத்துணை ரோசா நிறம்!

பெயர் வைப்பதிலும் ஒரு வேடிக்கை. ஒரு குடும்பத்தில் தந்தையின் குடும்பப்பெயர் கஸ்லவுஸ்கஸ் என்றால், வழக்கப்படி தாயின் பெயர் கஸ்லவுஸ்கியெனே என முடியும். மணமாகாத மகளின் பெயர் கஸ்லவுஸ்கைத்தே என முடியும். பெயரின் வாலைக் கேட்டே இன்னார் என்று சொல்லிவிடலாம்.

இப்பொழுது ஒரு கதை. லித்துவேனியக் குழந்தைகளுள் இதனைக் கேளாதவர் இரார். எக்லே என்பவள் ஒரு பெண். ஒருநாள் சகோதரிகளுடன் நீராடிவிட்டுக் கரையேறினாள். அவளது சட்டைக்குள்ளே ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. தன்னை மணப்பதாக வாக்களித்தாலன்றி வெளியேறமாட்டேன் என்றது. வேறு வழியின்றி வாக்களித்தாள். பாம்போ உண்மையில் நீருலகத்தின் அரசன். ஷில்வினஸ் என்பது அவன் பெயர். நீரடியில் அரண்மனையிலே இருவரும் நலமாக வாழ்ந்து நாலு குழந்தைகளைப் பெற்றனர். நெடுநாட் சென்றபின் எக்லே பிறந்தவீடு காணக் குழந்தைகளோடு வந்தாள். அவளைத் திருப்பியனுப்ப மனமில்லாத சகோதரர்கள், தந்தையின் பெயரைச் சொல்லுமாறு குழந்தைகளை மிரட்டினர். மூன்று ஆண்பிள்ளைகளும் வாய் திறக்கவில்லை. கடைக்குட்டிப் பெண் திரெபுலே அஞ்சிச் சொல்லிவிட்டாள். சகோதரர்கள் கரைக்குச் சென்று பெயர் சொல்லி அழைத்து, வந்தவனை வெட்டிவிட்டனர். கணவனை அழைத்த எக்லேக்குச் செந்நுரையே பதிலாக வந்தது. அவள் துயர் தாங்காமல் ஆண்மக்களை வலிய மரங்களாகவும், மகளைச் சிறு காற்றுக்கும் நடுங்கும் மரமாகவும், தன்னை ஊசியிலை மரமாகவும் மாற்றிக்கொண்டாள். திரெபுலே என்பது இன்றும் அந்நாட்டுக் காடுகளிலே நிற்கும் ஒரு மரத்தின் பெயர். காற்றில்லாப் பொழுதிலும் அதன் இலைகள் நடுங்கியபடியே இருக்கும். அச்சிறுமி அஞ்சியதை ஒரு குற்றமாக நான் எண்ணவில்லை. குழந்தையை மிரட்டிய பெரியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

பாம்பை வீட்டின் நற்றுணையாகக் கருதிப் பால் வைப்பது பழைய லித்துவேனியரின் வழக்கமாயிருந்தது. ஏனெனில், ஐரோப்பாவிலே மிகப் பிந்திக் கிறித்தவம் தழுவிய நாடு இது. 1387ஆம் ஆண்டிலேதான் அரசு முறையாக அச்சமயத்தை ஏற்றது. அதுவரை இடியின் தெய்வமான பெர்க்கூனஸையும் புனித மரங்களையும் நெருப்பையும் வழிபட்டு வந்தனர்.

அவர்களது மொழியைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் நீங்கள் வியப்படைவீர்கள். சில சொற்களைச் சொல்கின்றேன், உன்னிப்பாகக் கேளுங்கள். நெருப்புக்கு ‘உக்னிஸ்’. புகைக்கு ‘தூமை’. பகலுக்கு ‘தியெனா’. பல்லுக்கு ‘தந்திஸ்’. தேனுக்கு ‘மெதுஸ்’. சில்லுக்கு ‘ராதஸ்’. ஆண்மகனுக்கு ‘வீரஸ்’. எங்கேயோ கேட்டவை போலில்லையா? அக்கினி, தூமம், தினம், தந்தம், மது, ரதம், வீரன் என்று வடமொழியிலிருந்து நாம் எடுத்து வழங்கும் சொற்களின் உறவினரே இவை. லித்துவேனியர் இந்தியாவிலிருந்து சென்றவரல்லர். இந்தியர் அங்கிருந்து வந்தவருமல்லர் என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். மிகப் பழைய ஒரு தாய்மொழியிலிருந்து வடமொழியும், கிரேக்கமும், இலத்தீனும், லித்துவேனிய மொழியும் கிளைத்தன என்பர் மொழியறிஞர். மற்றைக் கிளைகள் காலப்போக்கிற் பெரிதும் உருமாறின. காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த இந்தக் கிளை மாத்திரம் பழைய வடிவங்கள் பலவற்றை வாய்மொழியிலேயே காத்துக்கொண்டது. இதனால் உலகத்து மொழியறிஞர் இம்மொழியைத் தேடிப் படிக்கின்றனர்.

இத்தகைய மொழியை ஒருகாலத்தில் அதன் சொந்த எழுத்திலே அச்சிடக்கூடாது என்று தடுத்தார்கள். இன்றைய பேச்சின் உள்ளீடு இதுதான்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி விடுகின்றேன். 1253இல் மிண்டவ்கஸ் என்பவர் முடிசூடினார். லித்துவேனியாவின் ஒரே அரசர் அவரே. பின்வந்தோர் பெருங்கோமகன் என்ற பட்டத்தோடு ஆண்டனர். அவருள் கெடிமினஸ் என்பவர் வேட்டையாடிக் களைத்து ஒரு குன்றருகே உறங்கியபோது, இரும்பு ஓநாயொன்று நூறு ஓநாய்களின் குரலில் ஊளையிடக் கனாக் கண்டாராம். உலகெங்கும் புகழ் ஒலிக்கும் நகரொன்றை இங்கே கட்டுக என்பதே கனவின் பொருள் என்று பூசகர் கூறினர். அதுவே தலைநகரான வில்னியஸ். கனவு கதைதான், ஆனால் 1323ஆம் ஆண்டில் கெடிமினஸ் எழுதுவித்த கடிதங்களில் அந்நகரின் பெயர் முதன்முதல் வருகின்றது. விதவ்தஸ் என்பவர் காலத்தில் இந்த அரசு பால்டிக் கடல் தொடங்கிக் கருங்கடல் வரை பரந்திருந்தது. 1569இல் போலந்தோடு ஒரே அரசாக இணைந்தது. 1795இல் அவ்வரசை அயலார் பங்குபோட்டபோது லித்துவேனியாவின் பெரும்பகுதி ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது.

லித்துவேனிய மொழியில் முதல் அச்சுநூல் 1547இல் வெளிவந்தது. மார்த்தினஸ் மஷ்விதஸ் என்பவர் ஆக்கிய சிறு சமயநூல் அது. தன்னைக் கையிலெடுத்துப் படிக்குமாறு நூலே வாய்திறந்து மக்களை அழைப்பதாக அதன் முன்னுரைச் செய்யுள் அமைந்துளது. அந்த அழைப்பு முந்நூறு ஆண்டுகளுக்குமேல் தடையின்றி ஒலித்தது. 1863ஆம் ஆண்டில் மக்கள் சக்கரவர்த்திக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே, வில்னியஸில் ஆட்சி நடத்திய முரவியோவ் என்னும் தேசாதிபதி ஒரு கட்டளை பிறப்பித்தார். லித்துவேனிய நூல்களை இனி இலத்தீன் எழுத்தில் அச்சிடலாகாது, ருஷ்ய எழுத்திலேதான் அச்சிடவேண்டும் என்பது அதன் சாரம். விரைவிலே அது பேரரசு முழுவதற்கும் உரிய தடையாயிற்று.

பெரிய தண்டனையாகத் தோன்றவில்லை, இல்லையா? மொழியைப் பேசவேண்டாமென்று சொல்லவில்லையே, எழுத்தைத்தானே மாற்றச் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால், உங்கள் பாட்டியின் செபப் புத்தகத்தை நீங்கள் படிக்க முடியாது. நீங்கள் படிக்கும் புத்தகத்தை உங்கள் பாட்டி படிக்க முடியாது. ஒரே வீட்டிலே இருவருக்கும் நடுவே சுவரெழுப்பினாற்போலாகும். ஒரு தலைமுறை கழிந்தால் பழைய நூல்கள் யாவும் ஊமையாகிவிடும். லித்துவேனியர் இதை நன்றாக விளங்கிக்கொண்டனர். ருஷ்ய எழுத்தில் அச்சிட்ட நூல்களைப் பெரும்பாலோர் தீண்டவில்லை, சிலர் எரித்தும்விட்டனர்.

அப்படியானால் படிப்பதற்கு நூல்கள் எங்கே? நெமுனாஸ் ஆற்றை மறக்கவேண்டாமென்று சொன்னேனல்லவா? அதன் கீழ்ப்பாகம் ஓடியது ஜேர்மானியரின் பிரஷ்யாவில். அங்கும் லித்துவேனிய மொழி பேசுவோர் வாழ்ந்தனர். அங்கே இந்தத் தடை இல்லை. தில்சித் முதலிய நகரங்களின் அச்சுக்கூடங்களில் நூல்களை அச்சிட்டு எல்லைக்கு இப்பால் கொண்டுவந்தால் என்ன என்று எண்ணினர். மொதியேயுஸ் வலன்சியுஸ் என்னும் ஆயர் 1867 முதல் பணம் சேர்த்து அவ்வாறே செய்தார். அவர் தொடக்கிய வேலையைக் கமக்காரரும் கூலிக்காரரும் மாணவரும் ஏற்றுக்கொண்டனர். நூல்களை முதுகிலே சுமந்து வந்த அவர்களுக்கு ‘கினிக்னெஷியஸ்’ என்று பெயர். ‘நூல் சுமப்போர்’ என்பது பொருள்.

எல்லையில் ருஷ்யக் காவலர் ஒருவர் பின் ஒருவராகப் பல வரிசைகளில் நின்றனர். முதல் வரிசையைக் கடந்தவர் அடுத்ததில் அகப்படலாம். ஆகையால் நிலவில்லாத இரவையும், மழை பொழியும் இரவையும், பனிப்புயல் வீசும் இரவையுமே இவர்கள் தேர்ந்தெடுத்தனர். பனிக்காலத்தில் உறைந்த ஆற்றின் மீது நடந்து வருவர். நூல்கள் சாக்கிலே கட்டிய பொதியாயிருக்கும். வண்டியில் வைக்கோலுக்கும் விறகுக்கும் அடியிலே இருக்கும். பெண்களின் ஆடைக்குள்ளே தைத்தும் இருக்கும். அகப்பட்டால் நூல்கள் தீக்கிரை. ஆட்களுக்குச் சிறை அல்லது சைபீரியா என்னும் பனிப்பாலைக்கு நாடுகடத்தல். எல்லையிலே சுடப்பட்டு இறந்தோரும் உளர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அகப்பட்டனர். ஆயினும் இலட்சக்கணக்கான பிரதிகள் வீடுகளைச் சென்றடைந்தன. அவை பெரும்பாலும் செபநூல், பஞ்சாங்கம், அரிச்சுவடி என்பனவே. ஓர் அரிச்சுவடிக்காகவா உயிரைப் பணயம் வைத்தார்கள் என்றால், ஆம், ஓர் அரிச்சுவடிக்காகத்தான்.

யுர்கிஸ் பியெலினிஸ் என்பவர் 1846இல் ஒரு கமக்காரர் குடும்பத்திற் பிறந்தவர். முப்பது ஆண்டுக்கு மேலாக நூல் சுமந்தவர். பலமுறை அகப்பட்டார், பலமுறை தப்பினார். பொலிசார் அவருடைய தலைக்கு விலை வைத்துத் தேடினர். நூல் சுமப்போரின் அரசர் என்று மக்கள் அவரை அழைத்தனர். அவர் பிறந்த மார்ச்சு 16ஆம் நாளையே இன்று லித்துவேனியா நூல் சுமப்போர் நாளாகக் கொண்டாடுகின்றது.

பெரியோர் நூலைக் கொண்டுவந்தனர். அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர் யார்? பாடசாலையிலே ருஷ்ய மொழிதான். ஆகவே வீட்டிலே அம்மாதான் ஆசிரியை. பனிக்கால மாலைகளில் அம்மா நூற்கும் இராட்டினத்தின் முன்னே இருப்பாள். பிள்ளை அருகிலே நின்று மடியிலுள்ள புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கும். அம்மாவின் கை நூலை இழுக்கும்; கண் பிள்ளையின் வரியைப் பின்தொடரும்; காது வெளியே காலடி ஓசை கேட்கின்றதா என்று கவனித்தபடியிருக்கும். காலடி கேட்டால் புத்தகம் மறைந்துவிடும், இராட்டினம் மாத்திரம் சுழலும். இந்தக் காட்சியைப் பெத்ரஸ் ரிம்ஷா என்னும் சிற்பி 1906இல் சிலையாக வடித்தார். சிலைக்கு அவர் இட்ட பெயர் ‘லித்துவேனியப் பள்ளிக்கூடம், 1864–1904’. அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் நாடுகள்தோறும் சிலைகள் உள. ஒரு தாயையும் பிள்ளையையும் அமர்த்தி அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயரிட்ட இச்சிலையைத்தான் நான் அவற்றிலும் உயர்வாக மதிக்கின்றேன்.

1883இல் ‘அவுஷ்ரா’ என்னும் செய்திப் பத்திரிகை பிரஷ்யாவிலிருந்து இரகசியமாக வரத் தொடங்கிற்று. ‘வைகறை’ என்பது அதன் பொருள். வடமொழியின் உஷஸ் என்னும் சொல்லுக்கு உறவு. அதைத் தொடக்கியவர் யோனஸ் பசனாவிச்சியுஸ் என்னும் வைத்தியர். 1900இல் மசியவுஸ்கஸ் என்னும் பொறியியலாளர் இலத்தீன் எழுத்தில் லித்துவேனியாவின் தேசப்படம் ஒன்றை அச்சிட்டார். அதனைப் பறித்தனர். அவர் ஓடி ஒளியவில்லை. வழக்குத் தொடுத்து, பேரரசின் உயர்மன்றத்திலே வென்றும் காட்டினார். இறுதியில், 1904ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் தடை நீங்கிற்று. நாற்பது ஆண்டு! தடை பிறந்த நாளில் அரிச்சுவடி படித்த குழந்தை, அது நீங்கியபோது பேரப்பிள்ளையைக் காணும் வயதை நெருங்கியிருக்கும்.

1918 பெப்ரவரி 16இல் லித்துவேனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. கையொப்பமிட்டவருள் முதல்வராயிருந்தவர் அதே பசனாவிச்சியுஸ். பியெலினிஸ் அந்நாளைக் காணவில்லை. ஒரு மாதத்துக்கு முன் அவர் இறந்துவிட்டார்.

அந்தச் சுதந்திரமும் நீடிக்கவில்லை. 1940இல் சோவியத் படைகள் நாட்டைக் கைப்பற்றின. 1941 முதல் 1944 வரை ஹிட்லரின் படைகள் ஆண்டன. பின்னர் மீண்டும் சோவியத் ஆட்சி. இக்காலத்தைப் பற்றிச் சிறுவருக்குச் சொல்வது எளிதன்று. ஆயினும் மறைப்பது முறையன்று. லித்துவேனியாவிலே ஏறத்தாழ 2 இலட்சம் யூதர் வாழ்ந்தனர். வில்னியஸ் நகர் அவர்களுடைய கல்விக்கும் நூல்களுக்கும் உலகப் புகழ் பெற்றிருந்தது. அவருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், உங்கள் வயதுச் சிறுவருமாக, ஜேர்மானிய ஆட்சியில் கொல்லப்பட்டனர். அக்கொடுமையில் லித்துவேனியர் சிலரும் கைகொடுத்தனர் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு அரை உண்மையையே சொன்னவனாவேன். அடைக்கப்பட்ட சேரியிலிருந்த யூத அறிஞரும் புலவரும் தங்கள் நூல்களை ஆடைக்குள் ஒளித்துக் கடத்திவந்து மண்ணுக்குள் மறைத்துக் காத்தனர். வில்னியஸ் பல்கலைக்கழகத்தில் நூலகப் பணி புரிந்த ஓனா ஷிமைத்தே என்னும் லித்துவேனியப் பெண், கடன் கொடுத்த நூல்களைத் திரும்பப் பெற வந்தேன் என்று காவலரிடம் சொல்லிச் சேரிக்குள் நுழைந்தாள். உள்ளே உணவு கொண்டுபோனாள். வெளியே நூல்களையும், குழந்தைகளையும் கொண்டுவந்தாள். அகப்பட்டபோது சித்திரவதைக்குள்ளானாள், ஆனால், உயிர் தப்பினாள்.

சோவியத் ஆட்சியில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவருள் ஒருத்தி தலியா கிரின்கெவிச்சியூத்தே. 1941இல் அவளுக்கு வயது 14. தாயுடனும் சகோதரனுடனும் வடதுருவக் கடலோரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டாள். 1949இல் நோயுற்ற தாயுடன் இரகசியமாகத் தப்பி ஊருக்கு வந்து, கண்டதையெல்லாம் தாள்களில் எழுதினாள். பொலிசார் வருவர் என்று அறிந்து, அத்தாள்களை ஒரு கண்ணாடிச் சாடியிலிட்டுக் கவுனாஸ் நகரத் தோட்டமொன்றிலே புதைத்தாள். அவளை மறுபடி கொண்டுபோயினர். விடுதலையாகி வந்து தேடியபோது சாடியைக் காணவில்லை. பின்னாளில் வைத்தியராகிப் பணிபுரிந்து, 1987இல் இறந்தார். 1991இல் தோட்டத்தின் பூச்செடியடியிலே யாரோ தோண்டியபோது சாடி வெளிப்பட்டது. தாள்களில் எழுத்து அழியவில்லை. இன்று அந்நாட்டுப் பிள்ளைகள் அதனை நூலாகப் படிக்கின்றனர்.

அதற்குள் காலமும் மாறிவிட்டது. 1989 ஓகஸ்ட் 23ஆம் நாள், வில்னியஸ் தொடங்கி லத்வியாவின் ரீகா வழியாக எஸ்தோனியாவின் தலின் வரை, ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் 600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் கைகோத்து நின்றனர். 1990 மார்ச்சு 11இல் லித்துவேனியா மீண்டும் சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1991 ஜனவரி 13ஆம் நாளிரவு சோவியத் தாங்கிகள் வில்னியஸின் வானொலி, தொலைக்காட்சி நிலையத்தையும் ஒலிபரப்புக் கோபுரத்தையும் கைப்பற்ற வந்தன. ஆயுதமில்லாத மக்கள் அவற்றைச் சூழ்ந்து நின்றனர். 14 பேர் உயிர் துறந்தனர். நிலையத்தினுள் அறிவிப்பாளர் கதவு உடைபடும்வரை பேசிக்கொண்டேயிருந்தனர். பின் ஒலி அடங்கிற்று. சிறிது நேரத்துள் கவுனாஸ் நகரிலிருந்து வேறொரு குரல் வானலையில் எழுந்து, உலகத்தை நோக்கிப் பல மொழிகளிலும் பேசத் தொடங்கிற்று. ஒலிவாங்கியின் முன்னிருந்து உங்களோடு பேசும் எனக்கு அந்த இரவு அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு.

அவ்வாண்டிலேயே உலக நாடுகள் லித்துவேனியாவை ஏற்றுக்கொண்டன. 2004இல் அது ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தது. இன்றைய லித்துவேனியச் சிறுவர் உங்களைப் போலவே கணினியும் கைத்தொலைபேசியும் கொண்டு திரிகின்றனர். கூடைப்பந்தாட்டமென்றால் உணவையும் மறப்பர். 1924இல் கவுனாஸில் தொடங்கிய பாட்டுத் திருவிழாவில் இன்றும் பல்லாயிரவர் ஒரே மேடையில் ஒன்றுசேர்ந்து பாடுகின்றனர். செப்டெம்பர் முதலாம் நாள் பாடசாலைகள் திறக்கும். அன்று காலை வீதியெங்கும் பூங்கொத்துகளாகவே இருக்கும். முதல் வகுப்புக் குழந்தை தன்னைவிடப் பெரிய பூங்கொத்தை ஒரு கையிலும், அம்மாவின் விரலை மற்றக் கையிலும் பற்றிக்கொண்டு சென்று ஆசிரியைக்குக் கொடுக்கும். பிறகு உள்ளே போய் அமர்ந்து, 32 எழுத்துள்ள அரிச்சுவடியை, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, உரக்கப் படிக்கும்.

விடைபெறுமுன் இரு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவரைக் காணும்போது ‘லாபஸ்’ என்று சொல்லவேண்டும். நன்றி கூறுவதற்கு அவர்கள் சொல்லும் சொல் ‘ஆச்சூ’. தும்மல் என்று எண்ணிச் சிரித்துவிடாதீர்கள். நமது காதுக்கு அது ‘அச்சு’ என்றும் கேட்கின்றது. வேறு எந்த மக்களிடத்தும் இந்த ஒற்றுமை இவ்வளவு பொருத்தமாய் இராது.

ஆச்சூ, குழந்தைகளே.